பாலம் சுமந்த வண்டிகள்



பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிக் கொழிஞ்சாம்பாறை என்னும் ஊர் இருக்கிறது. அங்கே நம் தமக்கையார் இல்லம். சென்ற கோடை விடுமுறையில் தில்லியிலிருந்து அவ்வூருக்குச் சென்றபோது, அவருடைய பன்னிரண்டு வயது மகனுக்கென்று ஒரு பெட்டி வாங்கிச் சென்றோம். போர்க்கால வண்டியொன்றைச் சிறிய அளவில் பொருத்திச் செய்வதற்கு வேண்டிய பிளாஸ்டிக் துண்டுகள் அடங்கிய பெட்டி அது. மூடியின்மேல் அழகிய படம் அச்சிட்டிருந்தது. கனத்த கவசம் பூண்ட ஒரு வண்டி. அதன் முன்புறத்தில் மிகப் பெரிய சுள்ளிக் கட்டு ஒன்று.

பையன் படத்தை உற்றுப் பார்த்தான். அவன் முகம் சற்று வாடியது. "மாமா, டாங்கின்னு சொன்னீங்களே! இது ஏன் விறகு சுமக்குது?" என்று கேட்டான்.

இன்றைய நம் பேச்சு அவ்வினாவுக்குரிய விடையே எனலாம்.

முதலில் இத்தகைய சிறு மாதிரிகளைப் பற்றி இரண்டொரு வார்த்தை. இவை வெறும் விளையாட்டுப் பொம்மைகள் அல்ல. உண்மையான வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் ஒரே விகிதத்தில் சுருக்கி, அச்சில் வார்த்து, வரைபடத்துடன் தருகிறார்கள். அவற்றை வெட்டி எடுத்து, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசி முடிப்பவன், வண்டியின் அமைப்பையே கற்றுக்கொள்கிறான். இவ்விகிதங்களுள் இரண்டு மிகவும் பரவியவை. ஒன்று, எழுபத்திரண்டில் ஒரு பங்கு. இதில் ஆறடி மனிதன் சரியாக ஓர் அங்குல உயரம் நிற்பான். மற்றொன்று, முப்பத்தைந்தில் ஒரு பங்கு. இந்த விந்தையான எண் எவ்வாறு வந்தது தெரியுமா? 1960-களின் தொடக்கத்தில் ஜப்பான் நாட்டின் டமியா நிறுவனத்தார் ஜெர்மானிய டாங்கி ஒன்றின் மாதிரியைச் செய்யப் புகுந்தனர். அது தானே ஓடவேண்டும் என்பதற்காக, உள்ளே மின்கலங்களும் சிறிய மோட்டாரும் அடங்கும் அளவுக்கு அதன் உடலை அமைத்தனர். பிறகு கணக்கிட்டுப் பார்த்தபோது, அது ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்தது. மின்கலத்தின் பருமன் வகுத்த அவ்விகிதமே இன்று உலகெங்கும் நிலைபெற்றுவிட்டது.

இம்மாதிரிகளுள் பெரும்பாலானவை பீரங்கி டாங்கிகளும் போர் விமானங்களும் ஆகும். ஆனால் அவற்றினிடையே, அதிகம் பேசப்படாத ஒரு வகுப்பும் உண்டு. அதுவே பொறியாளர் படையின் வண்டிகள். சுள்ளிக் கட்டு சுமக்கும் வண்டியும் அவ்வகுப்பைச் சேர்ந்ததே.

அவ்வண்டியின் வரலாறு ஒரு தோல்வியிலிருந்து தொடங்குகிறது. 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள், நேச நாட்டுப் படையினர் பிரான்சின் டீப் துறைமுகத்தில் கரையிறங்க முயன்றனர். அவர்களுள் பெரும்பாலோர் கனடா நாட்டினர். டாங்கிகள் கரையிலிருந்த கூழாங்கற்களில் சிக்கித் திணறின. தடைகளை வெடிவைத்துத் தகர்க்கவேண்டிய பொறியாளர் படையினர் திறந்த வெளியில், கையில் வெடிமருந்துடன் ஓடினர், குண்டுமழையில் வீழ்ந்தனர். வழி திறக்கப்படவில்லை, தாக்குதலும் தோற்றது. அதிலிருந்து கற்ற பாடம் யாதெனில், வழி அமைப்பவனுக்கும் கவசம் வேண்டும் என்பதே. கனடா நாட்டுப் பொறியாளர் அதிகாரி ஒருவர் கூறிய யோசனைப்படி, சர்ச்சில் என்னும் 40 டன் டாங்கியின் உட்புறத்தை மாற்றியமைத்தனர். ஆறு பேர் அமரும் அவ்வண்டியில், நெடுந்தொலைவு சுடும் பீரங்கிக்குப் பதிலாக, சுமார் 40 ராத்தல் எடையுள்ள வெடிப்பொதியை அண்மையிலுள்ள சுவரின்மேல் எறியும் குட்டைக் குழல் ஒன்றைப் பொருத்தினர். சுள்ளிக் கட்டு எதற்கு? எதிரி தோண்டிய அகழியில் அதை உருட்டிவிட்டால் அகழி தூர்ந்துபோகும். பின்வரும் வண்டிகள் அதன்மேல் ஏறிக் கடக்கும். நம் ஊர் வண்டிக்காரர்கள் சேற்றுப் பள்ளத்தில் தழையும் கட்டையும் போட்டு மாட்டு வண்டியைக் கடத்துவது உண்டல்லவா? அதே உபாயந்தான்.

1944-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் நார்மண்டிக் கரையில் இவ்வண்டிகள் இறங்கின. பெர்சி ஹோபார்ட் என்னும் தளபதியின் 79-ஆவது கவசப் பிரிவில் இவற்றின் உறவினங்கள் பல இருந்தன. ஒரு வகை, உருளையில் கட்டிய 43 சங்கிலிகளால் நிலத்தை அடித்துக்கொண்டே சென்று, புதைந்துள்ள கண்ணிவெடிகளை வெடிக்கச் செய்தது. களத்திலே கதிர் அடிப்பதுபோன்ற காட்சி அது. மற்றொரு வகை, 30 அடிப் பாலத்தை முகப்பில் ஏந்திச் சென்று, பள்ளத்தின் மீது சாய்த்தது. பர்மாப் போர்முனையிலும் வாலன்டைன் என்னும் டாங்கியின் முதுகில் மடித்து வைத்த பாலங்கள் சென்றன. இவற்றின் மாதிரிகள் எல்லாம் இன்று பெட்டிகளில் கிடைக்கின்றன. போர்க்கால டி-7 புல்டோசரின் மாதிரியை உக்ரைன் நாட்டின் மினியார்ட் நிறுவனம் செய்து விற்கிறது.

இங்கே மாதிரிக் கலைக்கே பெருமை சேர்க்கும் செய்தி ஒன்றைச் சொல்லவேண்டும். போர்க்காலப் பாலங்களுள் தலைசிறந்தது பெய்லி பாலம். அதைப் படைத்த டொனால்டு பெய்லி, பிரிட்டிஷ் யுத்த இலாகாவின் பணியாளர். ஓய்வு நேரத்தில் சிறு பாலங்களின் மாதிரிகளைச் செய்து மகிழ்வது அவர் பொழுதுபோக்கு. 1940-ஆம் ஆண்டு டிசம்பரில், வேறொரு பாலம் சோதனையில் முறிந்ததைக் கண்டு திரும்பும் வழியில், ஒரு கடித உறையின் பின்புறத்தில் தம் கருத்தை வரைந்து காட்டினார். 1941-ஆம் ஆண்டு மே மாதத்திலேயே பாலம் சோதிக்கப்பட்டுத் தேறியது. பின்னர் 1946-இல் அவருக்குச் சர் பட்டம் அளிக்கப்பட்டது.

அப்பாலத்தின் சிறப்பு எளிமையே. பத்தடி நீளமும் ஐந்தடி உயரமும் உள்ள எஃகுச் சட்டம் ஒன்று. எடை சுமார் 260 கிலோ. ஆறு பேர் தூக்கிவிடலாம். சாதாரண லாரியில் ஏற்றலாம். ஒரு சட்டத்தை அடுத்த சட்டத்தோடு இணைப்பவை மேலே ஓர் ஆணியும் கீழே ஓர் ஆணியும் மட்டுமே. பளு மிகுந்தால் சட்டங்களை இரட்டையாகவும் மும்மையாகவும் அடுக்கிக்கொள்ளலாம். பாரந்தூக்கி வேண்டியதில்லை. இக்கரையிலேயே பாலத்தைக் கோத்து, உருளைகளின்மேல் வைத்து, அக்கரை நோக்கித் தள்ளிவிடுவார்கள். 1944-ஆம் ஆண்டு டிசம்பரில் பர்மாவின் கலேவா என்னுமிடத்தில், சிந்துவின் ஆற்றின்மேல் பதினான்காம் படையின் பொறியாளர்கள் 1,150 அடிக்கு மேற்பட்ட மிதக்கும் பெய்லி பாலத்தை அமைத்தனர். அந்நாளில் அவ்வகையில் உலகிலேயே அதுதான் மிக நீளமானது.

இனி, பெட்டியில் காணப்படாத ஒன்றைச் சொல்லுவோம். மாதிரிப் பெட்டிகளின் மூடியில் வரையப்படும் வீரர்கள் ஆங்கிலேயர். அல்லது அமெரிக்கர், ஜெர்மானியர். அவர்களிடையே ஒரு தமிழ் முகத்தை நாம் கண்டதில்லை. ஆயினும் இத்தொழிலில் தமிழனுக்கு நெடிய பரம்பரை உண்டு. 1780-இல் சென்னை மாகாணத்தில் திரட்டப்பட்ட இரண்டு கம்பெனிகளிலிருந்து வளர்ந்ததே, இன்று பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சென்னைப் பொறியாளர் படைப்பிரிவு. மெட்ராஸ் சேப்பர்ஸ் என்று உலகம் அறிந்த இப்படையின் வீரனுக்குத் 'தம்பி' என்பதே செல்லப்பெயர்.

மொழிபெயர்ப்பு நமக்குத் தொழிலாதலின், 'சேப்பர்' என்ற சொல்லுக்குத் தமிழ் என்ன என்று பலமுறை எண்ணியதுண்டு. பகைவரின் மதிலை நோக்கிப் பதுங்குகுழி தோண்டிச் செல்பவன் என்பது அதன் பழம்பொருள். அகராதியில் பொருள் இருக்கிறது. ஆனால் அவன் செய்யும் வேலை அதில் அடங்கவில்லை. பாலம் இடுவான், சாலை போடுவான், கண்ணிவெடி அகற்றுவான், குடிநீர் தேடித் தருவான். 'வழி செய்பவன்' என்று சொன்னால் ஓரளவு பொருந்தும்.

அத்தகைய ஒருவர் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள், இத்தாலி நாட்டின் மிக்னானோவுக்கு அருகே கண்ணிவெடிகளை அகற்றிக்கொண்டிருந்த குழுவில் அவர் இருந்தார். ஒரு வீரரின் காலடியில் வெடி தூண்டப்பட்டது. அது சிதறுவதற்குச் சில விநாடிகளே இருந்தன. சுப்பிரமணியன் அதன்மேல் தம் உடலையே கிடத்தித் தோழர்களைக் காத்தார், தாம் மாண்டார். அவருக்கு இறந்தபின் ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. சங்கிலி வண்டிகள் செல்ல முடியாத இடங்களில், வழி திறந்தவை மனிதர் கைகளே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆகவே, இவ்வண்டிகளின் மாதிரியைச் செய்யும் நம் பிள்ளைகள், பக்கத்தில் நிறுத்தும் சிறு உருவத்துக்கு நம் மண்ணின் நிறத்தையும் பூசலாம். அது வரலாற்றுக்கு மாறானது ஆகாது.

போர் ஓய்ந்தபின் இவ்வியந்திரங்கள் என்ன ஆயின? அஸ்ஸாமில் லீடோவிலிருந்து பர்மா வழியே சீனத்துக்குச் சாலை அமைத்தவை அமெரிக்கப் படையின் புல்டோசர்கள். அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற டிராக்டர்களைச் செப்பனிட்டு, மத்திய டிராக்டர் நிறுவனம் புதர் மண்டிய தரிசு நிலங்களை உழுதது. சண்டைக்கென்று செய்த பீரங்கிக்குச் சமாதான காலத்தில் வேலையில்லை. மண்ணைத் தள்ளும் வண்டிக்கோ வேலை ஓய்ந்ததேயில்லை. யுத்தகாலத்து ஜீப்பின் வழித்தோன்றல்களை நம் எல்லையில் இன்றும் காணலாம். போடிமெட்டிலும் கம்பமெட்டிலும் விடியற்காலையில் நின்று பார்ப்பவர்களுக்கு இது தெரியும். தேனி மாவட்டத்துத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஏலத் தோட்டங்களுக்கு ஏறிச் செல்லும் ஜீப்புகளின் வரிசை அங்கே ஒவ்வொரு நாளும் காணும் காட்சி. பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டிலோ, 2010-ஆம் ஆண்டு முதல் பி.இ.எம்.எல். என்னும் பொதுத்துறை நிறுவனத்தின் தொழிற்சாலை நடைபெறுகிறது. நமது படையின் சர்வத்ரா பாலம் டாட்ரா என்னும் கனரக வண்டியின்மேல் ஏறிச் செல்வது; பதினைந்து மீட்டர் வீதம் ஐந்து கண்களை இணைத்து, 75 மீட்டர் அகலமுள்ள ஆற்றைக் கடக்க உதவுவது. அன்று டாங்கியின் தலையில் ஏறிய பாலத்தின் பேரப்பிள்ளை இது.

அன்பர்களே, மலையில் வாழ்பவனுக்கே பாலத்தின் அருமை தெரியும். 1924-ஆம் ஆண்டு ஜூலையில் வந்த வெள்ளம், மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டலைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையை அழித்தது. கொல்லம் ஆண்டு 1099-இல் நிகழ்ந்ததால், 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று முதியோர் சொல்வர். அந்த ரயில் மீண்டும் ஓடவில்லை. பிறகு 2018-ஆம் ஆண்டு வெள்ளத்தில், மூணாற்றுக்கும் இராஜமலைக்கும் இடையே உள்ள பெரியவரைப் பாலம் உடைந்தது. அதன் பின்னர் அங்கு அமைந்த தற்காலிக வழியும் 2020-ஆம் ஆண்டு மழையில் பழுதுற்றது.

அவ்வாண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, இராஜமலைக்கு அப்பாலுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளர் குடியிருந்த நான்கு லயங்களை மூடியது. மின்சாரமும் தொலைபேசியும் அற்ற இரவு. செய்தி வெளியே தெரிவதற்கே பொழுது விடிந்துவிட்டது. உடைந்த வழியைக் கடந்து மீட்பு வண்டிகள் செல்வதும் தாமதமாயிற்று. இறந்தோர் எழுபது பேர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. பெரும்பாலோர் தமிழர், தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறியவர்களின் வழியினர். ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நம்மில் பலர், அன்று தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, அடிக்காத மணிக்காகக் காத்திருந்தோம். பாலம் இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார் என்று எவராலும் கணக்கிட இயலாது. ஆனால் காத்திருந்த அந்த மணி நேரங்கள் என்றும் மறக்கக்கூடியவை அல்ல.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2024-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள், வயநாட்டின் சூரல்மலையில் அதைவிடப் பெரிய நிலச்சரிவு நேர்ந்தது. முண்டக்கை செல்லும் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அக்கரையில் மக்கள், இக்கரையில் மண் அள்ளும் இயந்திரங்களும் மருத்துவ வண்டிகளும். அப்போது வந்தவர்கள் நம் தம்பிகளே! சென்னைப் பொறியாளர் படைப்பிரிவினர், மேஜர் சீதா ஷெல்கே முதலிய அதிகாரிகளின் தலைமையில், பெங்களூரிலிருந்து தரை வழியாகவும் தில்லியிலிருந்து விமானத்திலும் வந்த சட்டங்களைக் கொண்டு, கொட்டும் மழையில், இரவென்றும் பாராமல் 190 அடி நீளமுள்ள பெய்லி பாலத்தைக் கோத்தனர். ஆகஸ்டு 1-ஆம் நாள் மாலை பாலம் முடிந்தது. 24 டன் பளுவைத் தாங்க வல்லது. அதன்மீது வண்டிகள் அக்கரைக்குச் சென்றன. 1940-இல் ஒரு கடித உறையில் பிறந்த பாலம், எண்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் கேரளத்து மலையில் நின்றது.

குழந்தைகளின் கையில் போர்ப் பொருள்களின் மாதிரியைக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. அழிப்பதை அழகுப்பொருளாக வைத்துப் போற்றும் பழக்கம் நல்லதன்று. ஆனால் போரிலேயே பிறந்தும், போருக்குப் பின்னும் மனிதனுக்கு உழைத்துவரும் கருவிகள் இவை. நூறு டாங்கிகளை வரிசையாக நிறுத்தியிருக்கும் அலமாரியில், ஒரு பாலம் சுமக்கும் வண்டியை வைத்துப் பாருங்கள். மற்றவை எவ்வழியே வந்தன என்ற கேள்வியை அது எழுப்பும்.

வெளிநாட்டுப் பெட்டிகளின் விலை எல்லோருக்கும் எட்டுவதன்று. ஆயினும் பெய்லி பாலத்துக்குப் பெட்டியே வேண்டியதில்லை. ஓர் எளிய விகிதத்தைச் சொல்லுகிறோம்: அடிக்கு ஒரு சென்டிமீட்டர். பத்தடிச் சட்டம் பத்து சென்டிமீட்டர் நீளமும் ஐந்து சென்டிமீட்டர் உயரமும் ஆகும். ஐஸ்கிரீம் குச்சிகளை இதற்கேற்ப வெட்டி ஒட்டலாம். ஆணிக்குக் குண்டூசி போதும். சூரல்மலைப் பாலத்துக்கு ஒரு பக்கத்துக்குப் பத்தொன்பது சட்டங்கள். இரண்டு பெஞ்சுகளை இரு கரைகளாக வைத்து, பென்சில்களை உருளைகளாக்கி, பாலத்தைத் தள்ளுங்கள். பாதிப் பாலம் கரையைத் தாண்டுமுன்னரே முன்புறம் தாழத் தொடங்கும். முன்னே தரைப்பலகை போடாத இலேசான மூக்கு ஒன்றைச் சேர்த்து, பின்னே பாரம் வைத்துத் தள்ளினால் அது அக்கரையைத் தொடும். படைப் பொறியாளர் செய்வதும் இதுவே.

நாமும் பையனும் கொழிஞ்சாம்பாறையில் ஐந்து சட்டங்கள் கொண்ட பாலம் ஒன்றை இவ்வாறு செய்தோம். சோதிப்பதற்காக நடுவில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்தோம். வைத்த மறுகணமே பாலம் பிரிந்து, கூடம் முழுவதும் தண்ணீர்! ஆராய்ந்தபோது பிழை நம்முடையது என்று தெரிந்தது. பொழுது சாய்கிறதே என்ற அவசரத்தில், நடுச் சட்டத்தின் கீழ்ப்பக்கத்து ஊசியைச் செருக மறந்துவிட்டோம். மேற்பக்கத்தில் ஊசி இல்லாவிட்டாலும் சட்டங்கள் ஒன்றையொன்று நெருக்கி ஓரளவு நிற்கும். பளுவால் இழுபடுவது கீழ்ப்பக்கமே. கண்ணுக்குத் தெரியாத அந்த ஊசிதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது.

"ஒரே ஒரு ஊசிதானே மாமா?" என்றான் பையன். பிறகு அவனே குனிந்து ஊசியைத் தேடி எடுத்து, ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தொட்டு எண்ணலானான். இரண்டாம் முறை சொம்பு நின்றது. சுள்ளி சுமந்த வண்டியையும் அவன் பின்னர் மகிழ்ச்சியோடு செய்து முடித்தான். சுள்ளிக் கட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை; வாசலில் இருந்த தென்னந்துடைப்பத்திலிருந்து ஈர்க்குகளை உருவித் தானே கட்டினான். துடைப்பம் மெலிந்ததற்குத் தமக்கையார் நம்மைத்தான் கடிந்துகொண்டார்.